வீட்டில் ஒருவருக்குப் பார்வை போய்விட்டால்: என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது

வீட்டில் ஒருவருக்குக் கண் தெரியாமல் போய்விட்டது என்றதும் சொந்தபந்தம் கூடிச் செய்கிற முதல் காரியம், அவரைக் கட்டிலில் உட்காரவைத்து "நீ எங்கேயும் எழுந்திருக்காதே, எது வேணும்னாலும் கூப்பிடு" என்பதுதான். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் அப்படியே உட்கார்ந்தால் கண்ணோடு காலும் சேர்ந்து போய்விடும்.

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்கிற விழித்திரை நோய். சின்ன வயதில் பொழுது சாய்ந்தால் தடுமாறுவதில் ஆரம்பித்து, இருபதுகளில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிற அளவில் வந்து நின்றது. நம் பக்கம் அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்கிற வழக்கம் அதிகம், பரம்பரையாக வருகிற இந்த நோய்க்கு அதுவும் ஒரு காரணம், அது பெரிய கதை, இங்கே வேண்டாம். வீடு பாலக்கோடு பக்கம், வேலை தருமபுரியில், பஸ்ஸில் தனியாகத்தான் போய் வருகிறேன். நான் கண்டதை வைத்துச் சொல்கிறேன்: எங்களுக்கு எந்நேரமும் ஒரு துணை வேண்டியதில்லை. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும், சொல்கிற வார்த்தை தெளிவாக இருக்க வேண்டும். மிச்சத்தை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

அதற்கு முன்னால், போன பார்வை திரும்ப வருகிற வகையா வராத வகையா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். "வயசாச்சு, கண்ணு மங்கத்தான் செய்யும்" என்று பெரியவர்களை விட்டுவிடுகிற வீடுகள் இன்னும் நிறைய. கண்புரை என்றால் ஆபரேஷனில் சரியாகும், அரசு மருத்துவமனையில் செலவில்லாமலே செய்கிறார்கள். சிலருக்கு வெறும் கண்ணாடி போதும். கண் அழுத்த நோய் அப்படி இல்லை, அதில் போனது போனதுதான், மிச்சம் இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம். சர்க்கரை இருப்பவர்கள், எழுத்து நன்றாகத் தெரிந்தாலும், வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டிவிடுங்கள். அது சத்தமில்லாமல் கெடும்.

சரி, இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம்?

வீட்டுக்குள்

கதவு ஒன்று முழுசாகத் திறந்திருக்க வேண்டும், இல்லை முழுசாக மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நீட்டிய இரண்டு கைக்கும் நடுவில் புகுந்து நேராக நெற்றிக்கு வரும். அலமாரிக் கதவுக்கும் இதே சட்டம். தண்ணீர் வருகிற நாளில் நடையில் வரிசை கட்டுகிற குடங்கள், புளி சீசனில் திண்ணையில் காயப்போட்ட புளி, வாசலில் குறுக்கே சாத்திய சைக்கிள், முளைக்குச்சியில் கட்டிய ஆட்டின் கயிறு, இவற்றை எல்லாம் ஒழித்துவிடச் சொல்லவில்லை, கிராமத்து வீட்டில் அது நடக்காது. இடத்தை மாற்றினால் வாயைத் திறந்து சொல்லுங்கள், அவ்வளவுதான். "நடையில மூணு குடம் இருக்குது, இடது பக்கம்" என்று சொல்ல ஒரு நொடி ஆகுமா?

உப்பும் சர்க்கரையும் வேறு வேறு வடிவ டப்பாவில் இருக்கட்டும். மாத்திரை டப்பாவில் காலை மாத்திரைக்கு ஒரு ரப்பர் பேண்ட், ராத்திரி மாத்திரைக்கு இரண்டு. சேலையை மடிக்கும்போதே அதற்கான ரவிக்கையை ஊக்கு குத்திச் சேர்த்து வைத்தால் நிறம் கேட்டு யாரையும் கூப்பிட வேண்டாம். பினாயில், ஆசிட் பாட்டில்களைக் குடிக்கிற தண்ணீர் பாட்டிலின் பக்கத்தில் கூட வைக்காதீர்கள், அதில் மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது.

சமையலுக்கு விடலாமா என்று பயப்படுவார்கள். விடுங்கள். சமையலில் கண்ணுக்கு இருக்கிற வேலை நாம் நினைப்பதைவிடக் குறைவு. எண்ணெய் காய்ந்ததா என்று ஒரு கடுகைப் போட்டுப் பார்த்தால் சத்தமே சொல்லும். குக்கரில் விசில் எண்ணுவது எல்லோரும் செய்வதுதான். பாலுக்குள் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டைப் போட்டு வைத்தால் கொதி வரும்போது தடதடவென்று ஆடும், கண் தெரிந்தவர்களே இதைச் செய்கிறார்கள். கேழ்வரகுக் களி வெந்ததா என்று பார்க்க கையைத் தண்ணீரில் நனைத்துத் தொடுவதுதானே வழக்கம், ஒட்டாவிட்டால் வெந்தது, அதில் கண் எங்கே வந்தது? டம்ளரில் ஊற்றும்போது விளிம்புக்குள் ஒரு விரல் நுனி. கொதிக்கிற டீ என்றால் விரல் வேண்டாம், டம்ளர் நிறைய நிறைய சத்தம் மெலிசாகி உயரும், கொஞ்ச நாளில் காது பழகிவிடும். தளர்ந்து தொங்கும் முந்தானை, துப்பட்டா மட்டும் அடுப்படிக்கு ஆகாது, இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

பரிமாறுகிறவர்களுக்கு ஒன்று. வாழை இலை எங்களுக்கு ரொம்ப வசதி. நுனி இடது கைப் பக்கம், உப்பும் ஊறுகாயும் அந்த ஓரத்தில் மேலே, கூட்டு பொரியல் மேல் பாதியில், சோறு கீழே என்று ஊருக்கே தெரிந்த ஒழுங்கு. தட்டில் அது கிடையாது, அதனால் கடிகார முள்ளை வைத்துச் சொல்லுங்கள்: "பன்னெண்டு மணியில பொரியல், மூணு மணியில அப்பளம்." சூடான எதையும் கையில் திணிக்காமல், முன்னால் வைத்துவிட்டு எங்கே வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், எங்களோடு வந்தவரைப் பார்த்து "இவங்களுக்கு ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்காதீர்கள். எங்களுக்கு வாய் இருக்கிறது.

கூட்டிக்கொண்டு போகும்போது

கையைப் பிடித்து இழுப்பது, தோளைப் பிடித்துப் பின்னாலிருந்து தள்ளுவது, இரண்டும் தப்பு. தள்ளினால் பள்ளத்தில் முதலில் விழுவது யார்? உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அதற்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். நீங்கள் திரும்புவது, ஏறுவது, நிற்பது எல்லாம் அந்தப் பிடியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். குறுகலான இடம் வந்தால் அந்தக் கையை உங்கள் முதுகுப் பக்கம் கொண்டுபோங்கள், அவர் பின்னால் ஒதுங்கிவிடுவார். "படி" என்று மட்டும் கத்தாதீர்கள், ஏறுகிற படியா இறங்குகிற படியா என்பது முக்கியம். உட்காரவைக்க ஆளை அழுத்த வேண்டாம், நாற்காலியின் முதுகில் அவர் கையை வைத்தால் போதும்.

"இதோ இங்கே", "அதோ அந்தப் பக்கம்" என்பதெல்லாம் எங்களுக்கு ஒன்றுமே இல்லாத சொற்கள். வலது, இடது என்று சொல்லுங்கள், உங்கள் வலது அல்ல, எங்கள் வலது. ஊர்ப் பெரியவர்களுக்கு இன்னும் சுலபம், அவர்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் திசை சொல்வார்கள், "தெக்கால நாலு எட்டு வெச்சா தொட்டி" என்றால் தாத்தா சரியாகப் போய் நிற்பார். பேசிக்கொண்டிருந்துவிட்டு சொல்லாமல் எழுந்து போகாதீர்கள், காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பது நன்றாக இருக்காது. குரலை மாற்றி "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று கல்யாண வீட்டில் விளையாடுகிற மாமாக்களுக்கு: வேண்டாம் மாமா, பேரைச் சொல்லுங்கள்.

வெள்ளைக்கோலைக் கையில் எடுக்க எல்லோருக்கும் கூச்சம். ஊர் பார்க்குமே என்று. ஊர் பார்க்கத்தான் அது வெள்ளையாக இருக்கிறது, கோல் பாதி நமக்கு, பாதி எதிரில் வருகிற லாரிக்காரருக்கு. தரையில் நிறுத்தினால் நெஞ்சுக்கூடு உயரம் வர வேண்டும், அதைவிடக் குட்டையாக இருந்தால் பள்ளம் தெரியும்போது கால் ஏற்கெனவே அதில் இருக்கும். இடது கால் முன்னால் போகும்போது கோல் நுனி வலது பக்கம் தட்ட வேண்டும், வலது கால் போகும்போது இடது பக்கம், அதாவது அடுத்த கால் எங்கே விழப்போகிறதோ அந்த இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுவிடும். தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வீசினால் போதும். இரண்டாம் உலகப் போரில் கண் இழந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் என்பவர் ஒழுங்குபடுத்திய முறை இது, இன்றைக்கும் உலகம் முழுக்க இதைத்தான் சொல்லித்தருகிறார்கள். கோலுக்கு ஒரு குறை உண்டு: இடுப்புக்கு மேலே இருப்பது அதற்குத் தெரியாது. நிறுத்திய லாரியின் பின்பக்கம், கடைக்கு முன்னால் இறக்கிய தகரக் கூரை, கரண்ட் கம்பத்தின் ஸ்டே கம்பி. முன்விளிம்பு நீண்ட தொப்பி ஒன்று போட்டுக்கொண்டால் முகத்துக்கு முன்னால் தொப்பி இடி வாங்கிக்கொள்ளும்.

பஸ்

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைக் கூவுவது மற்றவர்களுக்கு இரைச்சல், எனக்கு அதுதான் பலகை. ஆனாலும் ஏறும் முன் ஒருமுறை கேட்டுவிடுவேன், அதுவும் "இது எந்த பஸ்?" என்று இல்லாமல் "பாலக்கோடு நிக்குமாண்ணா?" என்று. ஏறியதும் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லிவிட்டு முன்பக்கமே உட்கார வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வருகிற ஒருவருக்கும் 2021 முதல் டிக்கெட் கிடையாது. தருமபுரியிலிருந்து ரயிலிலும் போகலாம், பார்வையற்றவருக்கும் துணைக்கு வருபவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதம் கட்டணச் சலுகை. கிருஷ்ணகிரி டவுன்காரர்களுக்கு ஸ்டேஷனே இல்லை, அவர்கள் பாடு பஸ்தான்.

எங்கே வந்திருக்கிறோம் என்பதற்கு போனில் மேப் இருக்கிறது, ஆனால் ரோடே நிறைய சொல்லும். கரும்பு அரவை நடக்கிற மாதங்களில் பாலக்கோடு சர்க்கரை ஆலையை மூக்குத் தவறவிடாது. மாம்பழ சீசனில் காவேரிப்பட்டணம் பக்கம் கூழ் ஆலைகளின் வாசனை. சேலம் போகிற பஸ் இப்படியும் அப்படியுமாகச் சாய ஆரம்பித்தால் தொப்பூர் கணவாய். புதிதாகப் பார்வை இழந்தவரோடு பஸ்ஸில் போகிறவர்கள் முதல் சில தடவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, எந்த இடம் வருகிறது என்று சொல்லிக்கொண்டே போங்கள், அப்புறம் அவரே உங்களுக்குச் சொல்வார்.

பணம், போன்

நோட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்காத ஆளே இல்லை. புதிய நோட்டுகள் மதிப்பு ஏற ஏற நீளம் கூடும்: 10 ரூபாய் 123 மில்லிமீட்டர், 50 ரூபாய் 135, 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. காகிதத்தில் படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் கூட்டத்தில் நின்றுகொண்டு நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரலால் அளக்கச் சொல்லிப் பாருங்கள். பழைய வரிசை 100 ரூபாய் புதிய 500-ஐவிடவே பெரியது, அதுவும் புழக்கத்தில் கலந்து கிடக்கிறது. ஓரங்களில் சாய்வான மேட்டுக் கோடுகள் உண்டு, 100-க்கும் 200-க்கும் நான்கு (200-இல் நடுவே இரண்டு வட்டங்கள்), 500-க்கு ஐந்து. புது நோட்டில் தெரியும், சந்தை சுற்றி வந்த நோட்டில் தேய்ந்துபோயிருக்கும். அதனால் உருப்படியான வழி மடிப்புதான். வீட்டில் நிதானமாக உட்கார்ந்து பிரித்து, 100-ஐ நேராக, 200-ஐ இரண்டாக, 500-ஐ நான்காக மடித்துப் பர்ஸில் வைப்பேன். உங்கள் வீட்டில் வேறு மாதிரி மடிக்கலாம், மாற்றாமல் இருந்தால் சரி. ரிசர்வ் வங்கி 2020-இல் விட்ட மணி என்கிற ஆப், நோட்டைக் கேமரா முன் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், நெட் இல்லாமலே வேலை செய்யும். கள்ள நோட்டா என்று அது சொல்லாது. காசில் 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம், தொட்டதும் தெரியும். 10 ரூபாய்க் காசும் இரண்டு உலோக வளையத்தால் சுலபம், அதை வாங்க மறுக்கிற கடைக்காரரிடம் அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லிவிட்டதை நினைவுபடுத்துங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற டாக்பேக் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது, வாங்க வேண்டியதில்லை. அமைப்புகளில் (செட்டிங்ஸ்) அணுகல்தன்மை (அக்சசிபிலிட்டி) என்கிற பகுதியில் இயக்கலாம், பல போன்களில் இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தாலும் வரும். விரல் படுகிற இடத்தை அது வாசிக்கும், திறக்க இரண்டு தட்டு, அடுத்த பொருளுக்குப் போக வலப்பக்கமாக விரலால் ஒரு இழுப்பு. தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளுங்கள். முதல் வாரம் அந்த வேகத்தில் ஒன்றும் புரியாது, குரலின் வேகத்தைக் குறைத்து வையுங்கள், பழகியதும் அவரே கூட்டிக்கொள்வார், என் போன் பேசுகிற வேகத்தைக் கேட்டு வேறு பாஷையா என்று கேட்டவர்கள் உண்டு. முதலில் போன் எடுப்பது, வைப்பது, பேசுவது மட்டும். பணம் அனுப்புவது ரொம்பப் பிறகு. கியூஆர் கட்டத்துக்கு நேராகக் கேமராவைப் பிடிப்பது கஷ்டம், கடைக்காரரின் போன் நம்பருக்கே அனுப்பிவிடலாம். ரகசிய எண்ணை டாக்பேக் உரக்கப் படிக்காமல் இருக்க இயர்போன் கட்டாயம். கம்ப்யூட்டருக்கு, அதேபோலத் திரையைப் படித்துச் சொல்கிற என்விடிஏ என்கிற இலவச மென்பொருள் இருக்கிறது. படிக்கிற பிள்ளை என்றால் இதோடு விரலால் தொட்டுப் படிக்கிற பிரெய்ல் எழுத்தும் வேண்டும், காதால் கேட்டே வளர்கிற பிள்ளைக்கு எழுத்துப்பிழை எது என்றே தெரியாமல் போய்விடும் என்பது என் கருத்து, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

எல்லோரும் கேட்கிற கேள்விகள்

எப்போதும் இருட்டாக இருக்குமா? பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது ஏதாவது தெரியும். பிறவியிலேயே எதுவும் தெரியாதவருக்கு இருட்டு என்பதும் இல்லை, உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கனவு வருமா? வரும். பிறவியிலிருந்தே பார்க்காதவர்களுக்குச் சத்தமும் தொடுகையும் வாசனையுமாக வரும். ஏழு வயதுக்கு மேல் பார்வை போனவர்களுக்குப் பொதுவாக உருவங்களும் வரும்.

காது கூர்மையாகிவிடுமா? காது அதேதான், கவனிப்புதான் வேறு. ஆனால் சின்ன வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் படிக்கும்போது மூளையில் பார்வைக்கான பகுதியே வேலை செய்கிறது என்று 1996-இல் கண்டுபிடித்தார்கள், அந்த இடத்தை மூளை சும்மா வைத்திருப்பதில்லை.

பிறவியிலிருந்தே பார்க்காதவருக்கு ஆபரேஷன் செய்தால் உடனே எல்லாம் தெரியுமா? கட்டுப் பிரித்ததும் எதிரில் நிற்கிற அம்மாவை அடையாளம் கண்டுகொள்வது சினிமாவில் மட்டும். பிறவிக் கண்புரையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு நம் நாட்டில் ஆபரேஷன் செய்து பவன் சின்ஹா என்கிற விஞ்ஞானியின் குழு சோதித்தது. அதுவரை கையால் தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் பார்த்து அவர்களால் உடனே சொல்ல முடியவில்லை, சில நாள் கழித்துத்தான் வந்தது. கண் வேறு, பார்க்கக் கற்றுக்கொள்வது வேறு. பிறந்த குழந்தையின் கண் பாவையில் வெள்ளை தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இதில் ரொம்ப வலிக்கிறது "நடிக்கிறான்" என்கிற பேச்சு. கண் அழுத்த நோயிலும் என் நோயிலும் ஓரப் பார்வை முதலில் போகும், நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். அப்படிப்பட்டவர் டீக்கடையில் தினத்தாள் படிப்பார், எழுந்து நாலு எட்டு வைத்ததும் பக்கத்தில் நிற்கிற மாட்டின் மேல் மோதுவார். வயதானவர்களுக்கு வருகிற விழித்திரை மையச் சிதைவில் இதற்கு நேர்மாறு: தெருவில் தடையில்லாமல் நடந்து வருவார், எதிரில் நிற்கிற சம்பந்தியின் முகம் தெரியாது, அவரும் மதிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போவார். இரண்டு பேருமே நடிக்கவில்லை.

இன்னொன்றை எல்லா வீடுகளிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பார்வை பெரிதும் குறைந்த பெரியவர்கள் சிலர், இல்லாத பூக்கோலங்கள், கட்டம் கட்டமான வடிவங்கள், குட்டி மனிதர்கள், முற்றத்தில் யாரோ நிற்பது என்று பார்ப்பார்கள். சத்தம் எதுவும் இருக்காது, உருவம் மட்டும். பேய் பிடித்தது, முனி அடித்தது, புத்தி பேதலித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், இதற்குப் பயந்தே பல பேர் வெளியே சொல்வதில்லை. இதற்கு சார்லஸ் பானே நோய்க்குறி என்று பெயர், 1760-இல் தன் தாத்தாவுக்கு நடந்ததைக் கவனித்து எழுதிய சுவிட்சர்லாந்துக்காரரின் பெயர் அது. கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானாகவே படம் வரைகிறது. பார்ப்பவருக்கே அது நிஜம் இல்லை என்று பெரும்பாலும் தெரிந்திருக்கும். "ஆத்தா, அது கண்ணால வர்றது, உனக்கு ஒண்ணும் ஆகல" என்று சொன்னாலே பாதி பயம் போய்விடும். விளக்கைப் போடுவது, கண்ணை இப்படியும் அப்படியும் வேகமாக அசைப்பது சிலருக்கு உதவும். உருவம் பேசவும் செய்கிறது, நிஜம் என்றே நம்புகிறார், ஆளும் குழம்பிப் பேசுகிறார் என்றால் அது வேறு, டாக்டரிடம் காட்டுங்கள்.

காகித வேலை

முதல் வேலை யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை. அரசு மருத்துவமனையில் பரிசோதித்து ஊனத்தின் சதவீதம் போடுவார்கள், 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். ஒரு கண் முழுசாகப் போய் இன்னொரு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் வரும், இதைத் தெரியாமல் அலைகிறவர்கள் நிறைய. உதவித்தொகை, கோல், பஸ் பாஸ் எல்லாவற்றுக்கும் கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் உண்டு. வங்கியில் "கண் தெரியாதவருக்கு செக் புக், ஏடிஎம் கார்டு தர மாட்டோம்" என்றால், மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது என்று சொல்லுங்கள், எழுத்தில் பதில் கேட்டால் குரல் இறங்கும். அரசுத் தேர்வுகளில் எழுதித்தர ஆள் வைத்துக்கொள்ளலாம், மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு. ஓட்டு மெஷினில் பட்டனுக்குப் பக்கத்தில் பிரெய்ல் எண் இருக்கிறது, படிக்கத் தெரியாவிட்டால் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம், அவர் அன்றைக்கு வேறு யாருக்கும் துணையாக வர முடியாது. இளம் வயதில் பார்வை போனவர்களுக்கு நடைப்பயிற்சி, பிரெய்ல், கம்ப்யூட்டர் பற்றி விசாரிக்க சென்னை பூந்தமல்லியில் தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. விசாரிக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விகளை அவரே கேட்கட்டும்.